பெட்டி மாறலாம், பாட்டு தொலையலாமா?

(கடலூரில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'கணினி யுகத்தில் நம்மை வாழவைப்பது புதியதை ஏற்கும் துணிவா? பழையதை மறவாத நெஞ்சமா?' என்ற தலைப்பில், 'பழையதை மறவாத நெஞ்சமே' என்னும் அணியில் பேசியது.)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எங்கள் அணியின் தலைவர் அவர்களே! எதிரே அமர்ந்திருக்கும் புதுமை விரும்பிகளே! கெடிலக் கரையின் காற்றையும் கொசுவையும் பொறுத்துக்கொண்டு, கடைசிப் பேச்சாளர் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற கடலூர்ப் பெருமக்களே! 

நான் சிதம்பரத்துக்காரன். சிதம்பரத்துக்காரன் கடலூருக்கு வந்து பேசுவது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அதனாலே உரிமையோடு பேசுகிறேன்.

எதிரணியிலே முதலில் பேசிய தம்பி என்ன சொன்னார்? "எங்க அப்பா பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழறார். மாறச் சொன்னா மாறமாட்டேங்கிறார்" என்று சொன்னார். தம்பி, உங்க அப்பா எதையும் சுலபமா மாத்தாத மனுஷரா இருக்கிறதாலேதான் உங்க அம்மா நிம்மதியா இருக்காங்க! (சிரிப்பு, கைதட்டல்)

என் வீட்டிலும் இதே பிரச்சினைதான் ஐயா. விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான பாதுகாப்பு உதவி கிடையாது என்று 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. என் கணினி பழசு. அடுத்த பதிப்பு அதில் ஏறாது. உடனே வீட்டிலே ஒரு வட்டமேஜை மாநாடு. மகள் சொல்கிறாள், "அப்பா, மேக் வாங்குங்க." மாப்பிள்ளை சொல்கிறார், "மாமா, காசு செலவே வேண்டாம், லினக்ஸுக்கு மாறிடுங்க." என் மனைவி சமையலறையிலிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "முதல்ல அந்த மிக்சியை மாத்துங்க." (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் மாற்றத்துக்கு எதிரி அல்ல. தமிழ் படித்தவன் எவனும் மாற்றத்துக்கு எதிரியாக இருக்க முடியாது. பழையன போவதும் புதியன வருவதும் குற்றமில்லை என்று நன்னூல் எங்களுக்கு இலக்கணமாகவே சொல்லிவைத்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வீடு மாற்றுகிறீர்கள், சரி. பழைய வீட்டிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள்?

எனக்கும் கணினிக்கும் எப்படிப் பழக்கம்? 1986-ஆம் ஆண்டு. நான் பிளஸ் டூ படிக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து எங்கள் மாமா வந்தார். சிங்கப்பூரிலிருந்து மாமா வந்தால் என்ன வரும்? கோடாலித் தைலம் வரும், சென்ட் பாட்டில் வரும். அந்த முறை ஒரு கறுப்புப் பலகை வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான். மேலே ரப்பர் பொத்தான்கள். 'ஸ்பெக்ட்ரம்' என்று பெயர். 1982-லே இங்கிலாந்தில் வெளிவந்த வீட்டுக் கணினி. அதற்குத் தனியாகத் திரை கிடையாது. வீட்டு டி.வி.தான் திரை. தனியாக டிஸ்க் கிடையாது. பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டர்தான் டிஸ்க்.

கேசட்டைப் போட்டால் 'கீ... கிர்ர்ர்...' என்று ஒரு சத்தம் வரும். டி.வி. ஓரத்திலே கலர் கலராகக் கோடு ஓடும். ஒரு விளையாட்டு ஏறுவதற்கு நாலைந்து நிமிஷம் ஆகும். எங்க பாட்டி ஓடி வந்து, "டேய், கேசட்டை எலி கடிச்சிடுச்சுடா, நிறுத்துடா!" என்று கத்தினாள். (சிரிப்பு) அதன் மொத்த நினைவகம் எவ்வளவு தெரியுமா? 48 கே. இன்றைக்குக் காலையிலே நீங்கள் எல்லாரும் உங்கள் சம்பந்திக்கு ஒரு ரோஜாப்பூ போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினீர்களே, அந்த ஒற்றை ரோஜாப்பூ அநேகமாக அந்தக் கணினிக்குள்ளே நுழையாது! (கைதட்டல்)

அதே காலத்திலே, 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் மத்திய அரசு பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அதன் நினைவகம் 32 கே. அதில் நாலு வரி நிரல் எழுதி, தன் பெயர் திரையிலே வரிசையாக ஓடுவதைப் பார்த்துப் பூரித்துப்போன மாணவர்கள் இன்று தாத்தா ஆகிவிட்டார்கள். இந்தப் பந்தலிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் முகத்திலே இப்போது ஒரு சிரிப்பு இருக்கும், பாருங்கள்.

அந்தப் பெட்டிகளிலே ஒரு குணம் உண்டு. பத்திரப்படுத்தாமல் சுவிட்சை அணைத்தால் அத்தனையும் போச்சு. கரண்ட் போனாலும் போச்சு. அதனாலே எழுதியதைக் கேசட்டில் ஏற்றுவோம்; ஏற்றியது சரியாக ஏறியதா என்று திரும்பப் போட்டுப் பார்ப்போம்; அட்டையிலே பேனாவால் பெயர் எழுதிவைப்போம். அந்தப் பெட்டி எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது ஐயா. பெட்டிக்கு ஞாபகம் கிடையாது, ஞாபகம் நம்முடையது. (கைதட்டல்)

சரி, இனி என் கதைக்கு வருகிறேன். 1990-களின் நடுவிலே நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். தலைப்பு, தாலாட்டும் ஒப்பாரியும். புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிகளிடம் பாட்டுக் கேட்டு எழுதினேன். டேப்பிலே பதிவு செய்வேன், நோட்டிலே எழுதுவேன், எழுதி முடித்ததும் அதே கேசட்டில் அடுத்த ஊர்ப் பாட்டைப் பதிவேன். புதுக் கேசட் வாங்கக் காசு கிடையாது. எனக்கு முதல் பாட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? என் அம்மா. கைநாட்டு. ஆனால் மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பாடுவாள். வெள்ளாற்று ஓடம் வரும், பரங்கிப்பேட்டை உப்பு வரும், சீர் கொண்டுவந்த என் மாமன்மார் பெயர் ஒவ்வொன்றாக வரும்.

ஆய்வேட்டிலே கொஞ்சம் பாட்டுகள்தான் சேர்ந்தன. மிச்சத்தையெல்லாம் பின்னால் புத்தகமாகப் போடலாம் என்று சிதம்பரத்தில் ஒரு டி.டி.பி. நிலையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்தேன். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு அப்போது இருபது வயது இருக்கும். தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணியவர். ஆறு பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 1.44 எம்.பி. நான் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்தேன். புத்தகம் போட்டேனா? எங்கே போட்டேன்! கல்யாணம், குழந்தை, வேலை, பட்டிமன்றம்... (சிரிப்பு) 2004-ல் அம்மா போய்ச் சேர்ந்தாள். நோட்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

2011 டிசம்பர் 30. கடலூர்க்காரர்களுக்கு நான் தேதியை விளக்க வேண்டியதில்லை. தானே புயல். (அரங்கில் அமைதி) அப்போது நான் இங்கே திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தேன். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்த விடியற்காலையில், என் வீட்டு மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பறந்துபோனது. அலமாரியில் இருந்த நோட்டுகளெல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. ஊரே வீடு இழந்து நிற்கிறது. நான் நோட்டுக்காக வாய்விட்டு அழ முடியுமா? கீழே பூஜை அலமாரிக்கு அடியில் அந்த பிஸ்கட் டின் மட்டும் பத்திரமாக இருந்தது. "கம்ப்யூட்டரில் இருக்கிறது, பயமில்லை" என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கேதான் எதிரணி நண்பர்கள் கைதட்டியிருக்க வேண்டும். காகிதம் போச்சு, கணினி காத்தது என்று! கொஞ்சம் பொறுங்கள்.

2022-ஆம் ஆண்டு. என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. "அப்பா, அப்பாயி பாடுன தாலாட்டு வேணும்" என்றாள். நான் பெருமையாகப் பிஸ்கட் டின்னை எடுத்தேன். பிளாப்பியைப் போட வீட்டில் எந்தக் கணினியிலும் வாய் இல்லை. வெளியே செருகுகிற பிளாப்பி டிரைவ் ஒன்றை வரவழைத்தோம். முதல் பிளாப்பி, பூஞ்சை. இரண்டாவது, பூஞ்சை. ஆறில் ஐந்து போய்விட்டது. ஒன்று திறந்தது. திறந்தால்... நடுவர் அவர்களே, சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளி தெரியும்; அது ரகசியம், அதற்குப் பொருள் உண்டு. நான் திறந்தபோது தெரிந்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஒரு குப்பை. என் அம்மா பாட்டு எந்த மொழியிலும் இல்லை! வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகன் சொல்கிறான், "மாமா, ஃபைல் கெட்டுப்போச்சு. டெலீட் பண்ணிடலாம்."

ஏன் அப்படி ஆனது? தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதவு எண். அந்தக் காலத்தில் தமிழுக்குக் கணினியில் சொந்த வீடு கிடையாது. ஆங்கில எழுத்து இருந்த வீட்டிலே வாடகைக்குக் குடியிருந்தது. ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் ஒவ்வொரு வரிசையில் குடிவைத்தார். அந்த எழுத்துரு இருக்கிற வரைக்கும் தமிழ் தெரியும். எழுத்துரு இல்லாத புதுக் கணினிக்குப் போனால், வாடகைக்காரர் காணாமல் போய் வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார்! (சிரிப்பு)

இதைச் சரிசெய்யத் தமிழர்கள் பட்ட பாடு கொஞ்சமா? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' செய்தார். சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துரு கொடுத்தார். 1997-ல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடி 'தமிழ் 99' விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியீடுகளையும் முடிவு செய்தார்கள். இதற்கிடையே 1991-ல் வந்த யூனிகோடு, நம் ஒருங்குறி, 128 இடங்களை ஒதுக்கித் தமிழுக்குச் சொந்த மனை கொடுத்திருந்தது. 2010-ல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. அந்தப் புதிய வீட்டுக்கு நான் வாழ்த்துச் சொல்கிறேன். இன்றைக்கு என் பேத்தி, கைப்பேசியில் தமிழில் 'தாத்தா' என்று அடிக்கிறாள் என்றால் அந்தச் சொந்த வீட்டால்தான்.

ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் பழைய வீட்டுச் சாமானைக் கொண்டுவந்தோமா? கொண்டுவந்தவர்கள் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து சங்க இலக்கியம் முதல் தட்டச்சு செய்தார்கள். முதலில் மயிலை, பிறகு டிஸ்கி, அதன் பிறகு ஒருங்குறி. ஒவ்வொரு வீடு மாறும்போதும் மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டே போனார்கள். அதனால்தான் இன்றும் அதைப் படிக்க முடிகிறது. அவர்கள் புதியதை ஏற்கவில்லையா? ஏற்றார்கள். ஆனால் பழையதை மறவாமல் ஏற்றார்கள். அதுதான் எங்கள் அணி! (கைதட்டல்)

இது தமிழனுக்குப் புதிதா? சிதம்பரத்தில் தேவார ஓலைகள் ஒரு அறையில் பூட்டிக் கிடந்தன. மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். இராசராசன் மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து கதவைத் திறந்தான் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால், மூன்று பேர் கடவுச்சொல் போட்டால்தான் திறக்கும் கணக்கு! (சிரிப்பு) திறந்து பார்த்தால் கரையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றை நீக்கி எடுத்தபோது, கிடைத்தவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான பதிகங்கள்தான். பெரும்பகுதி மண்ணாகிவிட்டது. ஓலையைப் பூட்டிவைத்தவர்கள் அதை வெறுத்தா பூட்டினார்கள்? மதித்துத்தான் பூட்டினார்கள். ஆனால் படி எடுக்கவில்லை. பிஸ்கட் டின்னில் பூட்டிவைத்த நான் மட்டும் யோக்கியனா?

ஓலையிலிருந்து அச்சுக்கு மாறினோமே, அதுவும் ஒரு தளமாற்றம்தானே? ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். புள்ளி இல்லாத ஓலையைப் படித்து, எது மெய், எது உயிர்மெய் என்று கண்டு, 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றினாரே உ.வே.சா., அவரை எது வழிநடத்தியது? அச்சு இயந்திரம் புதியது. ஆனால் ஓலையைப் படிக்கத் தெரிந்த கண் பழையது. அந்தக் கண் இல்லாவிட்டால் அந்த இயந்திரத்தில் எதை அச்சடிப்பீர்கள்? கல்யாணப் பத்திரிகைதான்! (சிரிப்பு, கைதட்டல்) அந்தப் பெரியவர் 1924 முதல் சில ஆண்டுகள் எங்கள் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராக இருந்தார் என்பதில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு.

என் கதையை முடிக்கிறேன், நடுவர் ஐயா மணியை எடுக்கிறார். (சிரிப்பு) அழிக்கச் சொன்ன அந்தக் குப்பையை நான் அழிக்கவில்லை. ஒரு பக்கம் அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த டி.டி.பி. நிலையத்தைத் தேடிப் போனேன். அது மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. விசாரித்து விசாரித்து, அங்கே வேலை பார்த்த அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். இப்போது கீழவீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல். மூக்குக் கண்ணாடி.

தாளை நீட்டினேன். "என்னம்மா, இது உங்களுக்கு ஏதாவது புரியுதா?" என்றேன். வாங்கிப் பார்த்தார். கண் தாளில் இருக்கிறது; வலது கை விரல்கள் மேஜைமேல் தானாக ஆடுகின்றன. எம்... கே... ஒரு அரைப்புள்ளி... மறுபடி கே... ஹெச்... நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார், இது 'அம்மா' சார்." (நீண்ட கைதட்டல்)

ஐயா, கணினி குப்பை என்றது. படித்த பையன் அழித்துவிடு என்றான். ஒரு தட்டச்சுப் பெண்ணின் விரல் மட்டும் 'அம்மா' என்று படித்தது! அந்த எழுத்துரு, பழைய தமிழ்த் தட்டச்சு வரிசையை ஒட்டி அமைந்தது. அவர் மறந்திருந்தாலும் விரல் மறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எந்த எழுத்துக்கு எது என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு மகன். 2011 செப்டம்பரில் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது கணினி வாங்கிய பிள்ளை. அதில் விண்டோஸும் இருந்தது. நம் நாட்டு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. லினக்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். அம்மா போட்ட பட்டியலை வைத்து அந்தத் தம்பி ஒரு நிரல் எழுதினார். அதிலும் ஒரு சிக்கல். பழைய முறையில் கையால் எழுதுகிற மாதிரி கொம்பு முன்னால் வரும், எழுத்து பின்னால் வரும். ஒருங்குறியில் எழுத்துதான் முதலில், கொம்பு அப்புறம். 'கொ' என்று எழுத வேண்டுமானால் முன்னும் பின்னும் நிற்பதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். "சார், கொம்பு இடம் மாறுது" என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் ராத்திரி என் கைப்பேசிக்கு வந்தது. தமிழில். என் அம்மாவின் தாலாட்டு. மாமன்மார் பெயர் ஒன்றுகூட விடாமல்.

ஆறில் ஒரு பிளாப்பிதான் ஐயா. மற்ற ஐந்தும் போனது போனதுதான். அதில் இருந்த பாட்டுகளைப் பாடிய பாட்டிகள் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அந்த ஐந்துக்கும் பொறுப்பு புயல் இல்லை, பூஞ்சை இல்லை, எந்தக் கம்பெனியும் இல்லை. ஒவ்வொரு முறை கணினி மாற்றும்போதும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொன்னேனே, அந்த நான்தான் பொறுப்பு.

எதிரணி நண்பர்களே, நிரல் எழுதியது புதியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நிரலுக்குப் பாலூட்டியது ஒரு பழைய விரல். மகன் இல்லாவிட்டால் பாட்டு மெதுவாக வந்திருக்கும்; அந்தத் தாய் கையாலேயே அடித்துக் கொடுத்திருப்பார். தாய் இல்லாவிட்டால் பாட்டே வந்திருக்காது! (பலத்த கைதட்டல்)

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரி மேலே, பரண்மேலே ஒரு டப்பா இருக்கும். கேசட், பிளாப்பி, சி.டி., பழைய கைப்பேசி. இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். படிக்க முடிகிறதைப் புதிய கணினிக்கு ஏற்றுங்கள். தமிழ் எழுத்தாக இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமானதை ஒரு படி காகிதத்திலும் எடுங்கள். குப்பையாகத் தெரிந்தால் அழிக்காதீர்கள். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு விரல் உங்கள் ஊரில் ஏதாவது ஒரு கடையில் இருக்கும். அந்த விரலுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

நடுவர் அவர்களே, நானும் கணினி மாற்றத்தான் போகிறேன். மேக்கா, லினக்ஸா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. மிக்சி மட்டும் வந்துவிட்டது. (சிரிப்பு) எது வந்தாலும் அதில் முதலில் ஏறப்போவது என் அம்மா பாட்டுதான். பெட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் மாறட்டும். மாற்றுகிற கைக்குப் பின்னால் பழையதை மறவாத ஒரு நெஞ்சம் இருக்கட்டும் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.